ஒரு கிலோ குறைத்து

அந்தத் திட்டத்துக்கு இங்கிலீஷில் மூச்சு வாங்க வைக்கும் நீளத்தில் ஒரு பெயர். கோப்பு அட்டையில் இரண்டு வரிக்கு மடக்கித்தான் தட்டச்சு செய்ய முடியும். செமோர் பக்கத்தில் அது நடந்த ரப்பர் தோட்டத்திலோ ‘பால் ஆராய்ச்சி’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். மெலிந்த பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் பால்மாவு கொடுப்பது, மாதம் ஒருமுறை எடை பார்ப்பது, பலன் இருந்தால் பேராக் மாநிலம் முழுக்கத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோவது. இவ்வளவுதான் விஷயம். இதற்கா அத்தனை நீளப் பெயர் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று பெயர் பண்ணிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஈப்போ ஆபீஸில் நேர்முகத் தேர்வு நடத்திய டாக்டர் மூன்று கேள்விதான் கேட்டார். எண்களைத் தெளிவாக எழுதுவாயா? பிள்ளைகள் அழுதால் தாங்குவாயா? எந்த ஊர்? தோட்டத்தில் பிறந்தவள் என்றதும் மனிதருக்கு முகமெல்லாம் பல். ‘தோட்ட மக்களின் பழக்கவழக்கங்களை நன்கு அறிந்தவர்’ என்று என் கோப்பில் அப்போதே எழுதினார். தற்காலிக எழுத்தர், ஒரு வருஷத்துக்கு. திட்டம் விரிந்தால் வேலை நிரந்தரம் என்று வாய்வார்த்தையாக ஒரு ஆசையும் காட்டினார்.

டாக்டர் நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் திட்டும்போது குழப்பம் வேண்டாம். செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த வியாபாரக் குடும்பம். ஈப்போவில் பிறந்து, வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். தோட்டத்துக்குள் அவர் கார் வந்தால் டயரில் செம்மண் ஒட்டுவதற்கு முன்பே திரும்பிவிடும். ஆனால் பிள்ளைகள் தேறவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. அந்த எண்ணத்தைத் தாளில் எழுதப்போனபோதுதான் எல்லாம் கெட்டது.

தாளில் எழுதியது இதுதான்: காலை பத்து மணிக்கு, தாயின் முன்னிலையில், கொதித்து ஆறிய நீரில் பால்மாவைக் கலந்து, சர்க்கரை சேர்க்காமல் கொடுக்கவேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது, இல்லையா? தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு. பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணி முடிந்ததும் அம்மாக்கள் ரப்பர் பால் எடுக்க மரம் சீவக் காட்டுக்குள் போய்விடுவார்கள். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். பத்து மணிக்கு அவர்கள் தோளில் வாளியோடு எங்கோ ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருப்பார்கள். தாயின் முன்னிலை என்றால் மரத்தடியில்தான் கொடுக்கவேண்டும்.

கொட்டகையைப் பார்த்துக்கொண்ட ஆயாவிடம் இந்த விதிகளை நான் படித்துக் காட்டினேன். கனத்த உடம்பு, வெற்றிலை வாய், தோட்டத்துத் துரையையே நிற்க வைத்துப் பேசுகிற குரல். முழுசும் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பத்து மணிக்கா? அதுவரைக்கும் புள்ளைங்க என்னா, காத்தக் குடிச்சிக்கிட்டுக் கெடக்குமா? ஒன் டாக்டரு பசியாறாமத்தான் ஆபீஸ் போறாரா?”

“தாள்ல அப்படித்தான் இருக்கு ஆயா.”

“தாள நீ வச்சிக்க. டின்ன இங்க குடு.”

அன்றிலிருந்து கொட்டகையில் அவள் சட்டம்தான். பிள்ளைகள் கண் விழித்ததும், ஏழு மணிக்கு முன்னால், கேழ்வரகுக் கூழில் பால்மாவைக் கரைத்து, கொஞ்சம் சீனி போட்டு ஒரு குவளை. பத்து மணிக்கு இன்னொன்று. குடிக்க மறுக்கும் பிள்ளையை மடியில் இடுக்கிக்கொண்டு, பாட்டோ திட்டோ எது வேலை செய்கிறதோ அதைப் பாடித் திட்டி இறக்கிவிடுவாள். பட்டியலில் இல்லாத பிள்ளைக்கும் அரைக் குவளை உண்டு. நானோ ஈப்போ தந்த அச்சுப் பாரத்தில் தினமும் ‘பத்து மணி, தாய் முன்னிலையில், சர்க்கரை இல்லை’ என்று மூன்று கட்டத்திலும் சரி போட்டேன். மூன்றும் பொய். கை கூசவே இல்லை.

அந்தக் கொட்டகையில் எனக்கு ஒரு பெண் குழந்தை மேல் தனிக் கண் இருந்தது. முதல் மாதம் எடை பார்த்தபோது ஒன்றரை வயது, ஏழரைக் கிலோ. நடக்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல், முனகல்தான் வந்தது. அதன் அம்மா மரம் சீவுகிறவள், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். இதற்கு மூத்ததை வயிற்றுப்போக்கில் பறிகொடுத்திருந்தாள். குழந்தையைத் தராசிலிருந்து இறக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதாவது நிக்கணும்லா” என்றாள். திட்டத்தில் சேர்த்தாச்சு அக்கா, பால் வரும், பயப்படாதீங்க என்றேன்.

பால் வந்தது. இரண்டாம் மாதமே அந்தக் குழந்தை எழுந்து உட்கார்ந்தது. மூன்றாம் மாதம் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டது. அதன் அம்மா தினமும் மதியம் வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவக்கூட நிற்காமல் நேரே வந்து தூக்குவாள். எனக்கு அப்படி ஒரு பெருமை, நானே பெற்று வளர்த்தது போல.

எடை பார்க்கும் முறைக்கும் ஈப்போவில் விதி இருந்தது. உத்தரத்தில் தொங்கும் தராசு. தோட்டத்தில் அதை டாச்சிங் என்பார்கள். துணித் தூளியில் பிள்ளையை உட்கார வைத்து, ஒருவர் முள்ளைப் பார்த்து எடையை உரக்கச் சொல்லவேண்டும். மேசையில் இருப்பவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லி எழுதவேண்டும். தப்பு வராமல் இருக்க அப்படி. புது ஆளைக் கண்டால் பிள்ளைகள் வீறிட்டதால், முள்ளைப் பார்க்கும் வேலை ஆயாவுக்கு வந்தது. நான் பத்தடி தள்ளி வாசலோரம் மேசை போட்டு உட்கார்ந்தேன். சுற்றிலும் அம்மாக்கள், பக்கத்து லயத்து வரிசைவீட்டுப் பெண்கள், வேடிக்கை பார்க்க வந்த கடைக்காரர். ஆயா “ஏழரை!” என்பாள். நான் “ஏழரை!” என்பேன். தோட்டமே கேட்கும்.

நான்காம் மாதம் எடை தடாலென்று இறங்கியது, அப்புறம் பழைய இடத்துக்கு ஏறவே இல்லை. எங்கள் கண்ணெதிரே கொட்டகையில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தன, பதிவேட்டில் இளைத்துப்போயிருந்தன. எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஆறு நாள் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்தது, கண்ணை நம்பாதே, எண்ணை நம்பு என்பதுதான். அதனால் என் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு செய்துகொண்டேன். படித்த பெண்ணில்லையா!

ஈப்போ ஆபீஸில் ஒரே பரபரப்பு. டாக்டர் வரைபடத்தை மேசையில் விரித்தார்.

“பாருங்கம்மா, நாலாம் மாசத்துல கர்வ் விழுது, அப்புறம் எழும்பவே இல்ல. இது லீஃப்-ஃபால் சீசன். மரம் இலை கொட்டுது, பால் கொறையுது, சம்பளம் கொறையுது, வீட்டுச் சாப்பாடும் கொறையுது. ரொம்ப இன்டரஸ்டிங்.”

அவருக்கு அடுத்த நாற்காலியில் சுகாதாரக் கல்வி அதிகாரி அம்மா. எந்த நோய்க்கும் போஸ்டர்தான் மருந்து என்று நம்புகிறவர். நான் மனசுக்குள் போஸ்டர் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். “அதெல்லாம் இல்ல டாக்டர். இந்தத் தாய்மாருங்க பால்மாவ புருஷனுக்கு தேத்தண்ணில கலக்கிக் குடுத்துருவாங்க. அறியாமை. போதனைதான் வேணும்.” பால்மாவு டின் கொட்டகையை விட்டு வெளியே போவதே இல்லை, ஆயா அதன்மேல் உட்காராத குறைதான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். தற்காலிக எழுத்தர்கள் வாயெடுப்பதை அங்கே யாரும் கவனிப்பதில்லை. ‘தாய்மாரின் அறியாமை’ அறிக்கையின் மூன்றாம் அத்தியாயம் ஆனது. மற்ற எந்த அத்தியாயத்தையும்விட நீளம். அதை ஸ்டென்சில் வெட்டியவளும் நான்தான். ஆறாம் மாதக் கடைசியில் அறிக்கை கோலாலம்பூருக்குப் போனது.

ஏழாம் மாதம் எடை பார்க்கிற அன்று தூளியின் முடிச்சு தளர்ந்தது. நான் மேசையை விட்டு எழுந்து ஓடி, அந்தப் பெண் குழந்தையைத் தாங்கிப் பிடித்து, முடிச்சை இறுக்கி மறுபடி உட்கார வைத்தேன். தராசுக்கு நேர் கீழே நான். முள் ஒன்பதரையில் நின்றது.

“எட்டரை!” என்றாள் ஆயா.

பழக்க தோஷம், என் வாயும் “எட்டரை!” என்றது. அப்புறம்தான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னா ஆயா இது? ஒம்பதர காட்டுது!”

“மெல்லப் பேசு, மூதேவி. ஊருக்கே கேக்கணுமா?” சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “அத்தன பேரு சுத்தி நிக்கிறாளுங்க. நடுவுல புள்ளயத் தொங்கவிட்டு ஒம்பதர ஒம்பதரன்னு ரெண்டு பேரு கத்துனா, கண்ணு படாதா? மெலிஞ்சி கெடந்தப்ப உள்ளதத்தான் சொன்னேன். தேற ஆரம்பிச்சதும் ஒரு கிலோ கொறச்சிச் சொன்னேன். எல்லாப் புள்ளைக்கும்தான். நீ ஒன்னு சேத்து எழுதிக்குவேன்னு நெனச்சேன்லா.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“நீயும் தோட்டத்துல பொறந்த புள்ளதானே? இதக்கூடவா சொல்லித் தரணும்?”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மூன்று தோசையை நான் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும்போதே, வந்தவர்களிடம் “இவ எங்க சாப்புடுறா, கோழி கொத்துற மாதிரி கொத்துவா” என்று சொன்ன அம்மாவுக்குப் பிறந்தவள் நான். டாக்டர் மேசையில் அவருடைய மகன் படம் இருக்கும். கன்னத்தில் ஒரு வெள்ளிக்காசு அளவுக்குக் கறுப்புப் பொட்டு. போஸ்டர் அம்மா தன் பேத்தி கொழுகொழுவென்று இருப்பதை யாராவது சொல்லிவிட்டால் போதும், இல்லவே இல்லை, இரண்டு நாளாகக் காய்ச்சல், பாதியாகிவிட்டாள் என்பார். நாங்கள் அத்தனை பேரும் ஒரே ஜாதிப் பயம் கொண்டவர்கள். தாளும் பேனாவும் கைக்கு வந்ததும் அது தோட்டத்துக்காரர்களின் பழக்கமாகிவிட்டது. இளைக்காத பிள்ளைகளை இளைத்ததாக எழுதி, அதற்குக் காரணமும் கண்டுபிடித்து, அந்தக் காரணத்தை அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் தலையிலேயே கட்டியிருந்தோம்.

மறுநாள் முதல் பஸ் பிடித்து ஈப்போ போனேன். டாக்டர் முழுக்கக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“ரிப்போர்ட் போயிடுச்சேம்மா.”

“திருத்தி அனுப்பலாமே டாக்டர். திட்டம் ஜெயிச்சிருக்கு. புள்ளைங்க எல்லாம் தேறியிருக்கு.”

“மூணாவது சாப்டரத்தான் அவங்க ரொம்பப் பாராட்டியிருக்காங்க. அத வச்சித்தான், போதனை, போஸ்டர்னு விரிவாக்கத்துக்கே ஒப்புதல் வந்திருக்கு. இப்பப் போயி, சாரி, தராசுப் பக்கத்துல ஒரு ஆயா இருந்தாங்கன்னு எழுத முடியுமா?” கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “ஆனா ரெஜிஸ்டர நீங்க உடனே திருத்தணும். ஆராய்ச்சின்னா நேர்மைதான் முக்கியம்.”

அன்று மதியமே உட்கார்ந்து, நான்காம் மாதம் தொடங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிலோ கூட்டி எழுதினேன். எவ்வளவு சந்தோஷமாக எழுதினேன் தெரியுமா! கடைசிப் பிள்ளையை எழுதி முடித்துவிட்டு வரைபடத்தில் கோட்டை இழுத்தபோதுதான் எனக்கு ஈப்போவின் இன்னொரு விதி நினைவுக்கு வந்தது. வயதுக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்ச எடையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு மேலே இரண்டு மாதம் நின்ற பிள்ளை ‘நலமடைந்தது’. அதற்குப் பால் கிடையாது. என் பேனா முனையில் ஒரே மத்தியானத்தில் கொட்டகை முழுக்க நலமடைந்துவிட்டது. அந்தப் பெண் குழந்தை கோட்டுக்கு மேலே ஒரு நூல் அளவுதான் நின்றது. நூல் அளவும் மேலேதான் என்றார் டாக்டர்.

கணக்கு இப்படி முடிந்தது: அறிக்கையில் திட்டம் தோற்றது, அதனால் மற்ற தோட்டங்களுக்குப் பால் வேண்டாம், போதனை போதும். பதிவேட்டில் திட்டம் வென்றது, அதனால் இந்தத் தோட்டத்துக்கும் இனிமேல் பால் வேண்டாம். தோற்றாலும் வென்றாலும் ஒரே முடிவுக்கு வந்து சேருகிற ஆராய்ச்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நிறையப் பார்த்தேன்.

பால் நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்று அந்த அம்மா என் மேசை முன்னால் வந்து நின்றாள். கையில் இன்னும் ரப்பர் பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

“எழுதுற புள்ள, நீ நல்லா இருப்பே. ஒரு கிலோ கொறச்சி எழுதேன். ஆயா சொன்னாப்பலயே எழுதேன். எட்டரன்னு.”

“பொய் எழுத முடியாதுக்கா.”

“மூத்தது போனது ஒனக்குத் தெரியும்லா. இது இப்பத்தான் நடக்குது. இன்னும் ஒரு ஆறு மாசம் குடிச்சிருச்சின்னா...”

“அக்கா, உங்க புள்ள தேறிடுச்சி. சந்தோஷப்படுங்க. ஆராய்ச்சில நேர்மைதான் முக்கியம்.”

என் வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படித்தான் வந்ததோ. கொட்டகைக்குள்ளிருந்து ஆயா கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மாக்காரி பக்கத்துல நின்னான்னு தெனமும் எழுதுனியே, அப்ப எங்க போச்சு ஒன் நேர்மை?” என்றாள். அது வேறு கட்டம், இது வேறு கட்டம் என்று ஏதோ முணுமுணுத்தேன். ஒரு கிலோ. பேனாவால் அடித்து எழுத ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறையவேண்டும் போலிருக்கிறது.

திட்டம் விரிந்தது. லகாட்டிலிருந்து காம்பார் வரைக்கும் விரிந்தது. விரிவாக்கம் என்றால் ஒரு தோட்டத்தில் பலன் தந்ததை எல்லாத் தோட்டத்துக்கும் கொண்டுபோவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நடைமுறையில், எது சுலபமாக லாரியில் ஏறுகிறதோ அதுதான் விரிகிறது. தராசு ஏறியது. அச்சுப் பாரம் ஏறியது. போஸ்டர் கட்டுக்கட்டாக ஏறியது. விடியற்காலையில் கூழ் கிண்டி, மடியில் இடுக்கித் திட்டி ஊட்டுகிறவளை எந்த லாரியில் ஏற்றுவது? அவளைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. போஸ்டரில் ஆப்பிள், திராட்சை, முழுசாக ஒரு மீன், அதைச் சுற்றி எலுமிச்சைத் துண்டுகள். ஒரு தோட்டத்தில் அதை மாட்டியபோது, “இந்த ஓட்டலு எங்க இருக்கு தங்கச்சி?” என்று கேட்டார் ஒரு அண்ணன்.

எனக்கு வேலை நிரந்தரமானது. பயிற்சியாளர் என்று பெயர். புது எழுத்தர்களுக்கு எடை எழுதக் கற்றுக்கொடுத்தேன். முள்ளை நீங்களே பாருங்கள், சத்தமாகச் சொல்லாதீர்கள் என்று அழுத்திச் சொல்லிக்கொடுத்தேன். ‘உள்ளூர்ப் பழக்கவழக்கங்களை மதித்தல்’ என்ற தலைப்பில் டாக்டர் அதை ஒரு மாநாட்டில் பேசிக் கைதட்டல் வாங்கினார். அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

எட்டு மாதம் கழித்து, பயிற்சியாளராக அதே செமோர்த் தோட்டத்துக்குப் போனேன். மழை மாதம்; பாதி நாள் மரம் சீவ முடியாமல் லயத்தில் எல்லோரும் வீட்டோடு இருந்தார்கள். கொட்டகையில் ஆயா இருந்தாள். அடுப்பில் கூழும் இருந்தது, தண்ணீராக. என்னைப் பார்த்து, “வா, பசியாறியா?” என்று மட்டும் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். குழந்தைக்கு இரண்டேமுக்கால் வயது ஆகப்போகிறது. இடையில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்ததாம். கழுத்து எலும்பு தெரிந்தது. நடந்த குழந்தை, இப்போது இறக்கிவிட்டால் உட்கார்ந்துகொண்டது. நானே தூளியில் வைத்து நானே முள்ளைப் பார்த்தேன். எட்டே முக்கால்.

அவளே எட்டி முள்ளைப் பார்த்தாள். எண் படிக்கத் தெரிந்திருந்தது அவளுக்கு. முகத்தில் துக்கம் இல்லை, கோபம் இல்லை. ஏதோ தேர்வில் பாஸானவள் போல ஒரு வெளிச்சம் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“எழுதிக்கம்மா. இப்ப நீ பொய் எழுத வேணாம். நெசமாவே கொறஞ்சிருச்சு. கோட்டுக்குக் கீழதானே இருக்கு? இப்பப் பால் வரும்லா?”

புதுப் பாரத்தில் எடைக்குக் கட்டம் இருந்தது. தாயின் படிப்புக்கு, சுவரில் போஸ்டர் மாட்டப்பட்டதா என்பதற்கெல்லாம் கட்டம் இருந்தது. பாலுக்குக் கட்டம் இல்லை. அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். என் பையில் இருந்தது போஸ்டர் கட்டு ஒன்றுதான். அதிலிருந்து ஒன்றை உருவி அவளிடம் கொடுத்தேன். அவள் அதை விரித்துப் பிடித்தாள். மூலையில் ஒரு குவளை நிறையப் பால் போட்டிருந்தது. குழந்தை குனிந்து அதை நகத்தால் சுரண்டியது.